ஒற்றைக்கை ஸ்வெட்டர்

மலேசியாவின் கிள்ளானில் ஸ்வெட்டர் விற்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. என் மாமாவுக்கும் தோன்றவில்லை. தான் வாங்கியது ஜீன்ஸ் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். எங்கள் வரிசை வீட்டின் பின்னறையில் இருந்தார். பகலில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை. மாலையில் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றிய யோசனை. வண்ணமீன் வளர்ப்பு, தேங்காய் ஐஸ்கிரீம் எல்லாம் அந்த யோசனைகளில் வந்து போயின. எனக்கு ஒன்பது வயதான ஆண்டில் வந்தது பண்டல்.

பண்டல் என்றால், குளிர் நாடுகளில் உடுத்திக் கழித்த துணிகளை இயந்திரத்தில் அழுத்தி மூட்டையாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவார்களே, அது. பிரித்துப் பார்க்காமல்தான் வாங்க வேண்டும். உள்ளே இருப்பது அவரவர் அதிர்ஷ்டம். துறைமுகத்தில் வேலை செய்த ஒரு நண்பர், உள்ளே ஜீன்ஸும் பந்து விளையாட்டுச் சட்டைகளும் இருப்பதாக மாமாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். இரவுச் சந்தையில் விரித்து வைத்தால் ஒரே வாரத்தில் காலியாகிவிடும் என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. வெளியே மழை. மூட்டையை வீட்டு முகப்பில் இறக்கி, மாமா கத்தியால் பட்டைகளை அறுத்தார். மூட்டை ஒருமுறை பெருமூச்சு விட்டது. பிறகு புளித்த மாவு மாதிரி மெல்ல உப்பிக்கொண்டே வந்தது. முதலில் வெளியே நீண்டது ஒரு பச்சைக் கம்பளிக் கை. அதற்குப் பின்னால் இன்னொரு கை, சிவப்பு. மாமா இரண்டையும் பிடித்து இழுத்தார். அடியில் ஜீன்ஸ் இருக்கும் என்று தோண்டிக்கொண்டே போனார். அடிவரைக்கும் ஸ்வெட்டர்தான். கழுத்து மூடியது, பொத்தான் வைத்தது, பனிப்பூ போட்டது, மான் போட்டது.

அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் போட்டுக்கிட்டு எங்கடா போறது? பிரிட்ஜுக்குள்ளயா?"

பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, எந்த நாட்டுக்குக் குடிபோகிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தார். மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். அழ முடியாத இடத்தில் வருகிற சிரிப்பு அது என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் கவலை வேறு. யார் உடம்பில் கிடந்ததோ, என்ன கிருமியோ என்று சொல்லி, வீட்டிலிருந்த பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, ஸ்வெட்டர்களை மரவள்ளிக்கிழங்கு அவிப்பது போல் அவித்தார். வீடு முழுக்க நனைந்த ஆட்டு நாற்றம். அவித்ததைத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டார். மழையில் கொடியில் காயாது என்பதால் மாமா அவற்றைச் சாக்குகளில் கட்டி, முக்கில் இருந்த டோபிக்கு, அதாவது காசு போட்டால் துவைத்து உலர்த்தித் தரும் கடைக்கு, எடுத்துப் போனார். சீக்கிரம் ஆகட்டுமென்று இருப்பதிலேயே அதிகச் சூட்டைத் திருப்பிவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மான்கள் தலைகீழாய் உருள்வதைப் பார்த்துக்கொண்டே நான் மைலோ குடித்தேன்.

கதவைத் திறந்தபோது ஸ்வெட்டர்கள் காணாமல் போயிருந்தன. அவற்றின் குழந்தைகள்தான் உள்ளே இருந்தன. ஒரு பெரிய ஆணுக்கான பச்சை ஸ்வெட்டர் என் தோளுக்குச் சரியாக இருந்தது. சிறியவை பொம்மைக்குப் போடலாம் போல் சுருங்கி, கம்பளம் மாதிரி தடித்திருந்தன. அவித்ததால்தான் சுருங்கியது என்றார் மாமா. டோபிச் சூட்டில்தான் சுருங்கியது என்றார் அம்மா. இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீரவில்லை.

இரண்டு நாள் மாமா அந்தக் குவியலின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், தையல் இயந்திரத்தின் எண்ணெயைத் துடைக்கத் துணி வேண்டுமென்று ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினார். வெட்டியவர் துடைக்கவில்லை. வெட்டிய ஓரத்தை விரலால் நெருடினார். இழுத்துப் பார்த்தார். பின்னல் துணியில் கத்தரி பட்டால் நூல் பிரிந்துகொண்டே போகும். இது பிரியவில்லை. ரொட்டித் துண்டு போல் சுத்தமாக நின்றது.

"இங்க பாரு, நூலு வரல," என்று என்னிடம் காட்டினார். "காரு சீட்டுத் துணி மாதிரி இருக்கு லா இது."

அன்று மாலைக்குள் எனக்கு ஒரு யானை கிடைத்தது. ஸ்வெட்டரின் உடல் பகுதி யானையின் உடம்பு, கை அதன் துதிக்கை. உள்ளே கார் இருக்கைக் கடையில் மிஞ்சிய பஞ்சுத் துண்டுகள். அதற்கு மறுநாள் திண்டு உறைகள், கார்களில் வைக்கும் டிஷ்யூ பெட்டிக்கு உறை, தேநீர்க் கூஜாவுக்குக் காதுவைத்த ஒரு சட்டை. இந்த வெயிலில் எங்கள் வீட்டுத் தேநீர் ஆறுவதற்கே அரை நாள் எடுக்கிறது, அதற்கு எதற்கடா சட்டை என்று அம்மா கேட்டார். மாமா எல்லாவற்றையும் இரவுச் சந்தைக்குக் கொண்டுபோய் விரித்தார். வந்தவர்கள் தொட்டுப் பார்த்து, "சூடு," என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுவன் யானை கேட்டு அழுதான். அவனுடைய அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் பிரச்சினை பெரிதானது.

பெரியம்மா அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்றாலும் குரல் ஓய்வு பெறவில்லை. எங்கள் சபையில் போதகர் தவறான பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டால் முதல் வரிசையிலிருந்து திருத்தம் வரும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டியிருந்தது. மாமா கடை வேனில் கொண்டுபோய் விடுவார், கூட்டி வருவார்.

அந்த மாதத்தில் பெரியம்மா நழுவ ஆரம்பித்தார். ஒரு வியாழன், சபையில் கூட்டம் என்றார். அதற்கடுத்த சனி, தலைவலி என்றார். இன்னொரு நாள், பழைய மாணவி ஒருத்தி பார்க்க வருகிறாள் என்றார். எந்த மாணவியும் வரவில்லை. கால்கள் வீங்கின. செருப்பின் வார் காலில் பதிந்து கோடு விழுந்தது. நிலையத்திலிருந்து தாதி தொலைபேசியில் அழைத்து, இப்படி விட்டுவிட்டு வந்தால் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும், உயிருக்கே ஆபத்து என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பெரியம்மாவிடம் போய் அழுதார், சண்டை போட்டார். பெரியம்மா எதிரே வைத்திருந்த செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே, "என் ஒடம்பு எனக்குத் தெரியும்," என்று முடித்துவிட்டார்.

அடுத்த முறை அவரை வழிக்குக் கொண்டுவர, என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். குழந்தை கூட வருகிறது என்றால் மறுக்க மாட்டார் என்று அம்மாவின் கணக்கு. நான் வெளியே காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியை என்னிடம் விட்டுப்போன கைப்பையிலேயே மறந்துவிட்டதால், அதைக் கொடுத்துவிட்டு வா என்று தாதி என்னை உள்ளே விட்டார்.

கதவைத் தாண்டியதும் கிள்ளான் வெளியே நின்றுவிட்டது. அப்படி ஒரு குளிர். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். உடம்பின் இரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, அந்தக் குளிரில் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போகிறது. பெரியம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வை நழுவித் தரையில் கிடந்தது. இடது கையில் ஊசி. அதை அசைக்கக் கூடாது. வலது கையால் எட்டவில்லை. யாரையாவது கூப்பிடலாம். ஆனால் பெரியம்மா யாரையும் உதவிக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. இயந்திரம் என்று நினைத்தேன். பெரியம்மாவின் பல் செட்டு.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். பக்கத்து நாற்காலியில் இருந்த சீன அங்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை அருகே கூப்பிட்டார்.

"யாருகிட்டயும் சொல்லாத."

"எதப் பெரியம்மா?"

"ஒண்ணும் இல்ல. போர்வைய எடுத்துப் போடு."

நான் அன்று மாலையே மாமாவிடம் சொல்லிவிட்டேன். எதைச் சொல்லக் கூடாது என்று அவர்தான் சொல்லவில்லையே. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவர், தன் பற்களை அடக்க முடியாமல் நழுவிக்கொண்டிருந்தார் என்பது மாமாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கையில ஊசி?"

"எடது கை."

"அந்தக் கைய மூடலாமா?"

மூடக் கூடாது, குழாய் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தாதி இன்னொருவரிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அதையும் சொன்னேன். மாமா சந்தேகத்துக்குத் தாதியிடமே தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்.

அன்று நாங்கள் செய்தது ஒரு ஒற்றைக்கை ஸ்வெட்டர். சுருங்கிய ஸ்வெட்டர் ஒன்று பெரியம்மாவுக்குப் போதாது. அதனால் இரண்டை வெட்டி இணைத்தோம். நான் பெரியம்மா வீட்டுக்குப் போய், விளையாடுவது போல் விளையாடி, கொடியிலிருந்து ஒரு ரவிக்கையை அளவுக்குக் கொண்டுவந்தேன். வலது பக்கம், இரண்டு வலது கைகளைப் பிளந்து இணைத்த முழுக்கை. இடது பக்கம் கையே கிடையாது. தோளிலிருந்து இடுப்புவரை திறப்பு வைத்து, கார் உறைகளில் போடும் அமுக்குப் பொத்தான்களை மாமா வரிசையாக அடித்தார். ஊசி ஏறிய பிறகும் மாட்டலாம், கழற்றலாம். வெட்டியெடுத்த கைகளின் நுனியைத் தைத்தால் முழங்கால்வரை ஏறும் காலுறைகள். எல்லாம் சரியாக வந்தது. ஒரு மானைத் தவிர. அதை மாமா நடுவில் வெட்டியிருந்தார். தலை நெஞ்சுப் பக்கமும் வால் முதுகுப் பக்கமும் போய்விட்டன.

பெரியம்மா அதை வாங்கி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, விடைத்தாள் பார்ப்பதுபோல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தையல் நேரா இருக்கு," என்றார் பெரியம்மா. "இந்த மானுக்கு ஒடம்பு எங்கடா?"

"பின்னால இருக்குக்கா."

"எனக்குக் குளுருதுன்னு யாரு சொன்னா?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பெரியம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு விசாரிக்காமல், "சரி, ஒரு நாளைக்குப் போட்டுப் பாக்குறேன்," என்றார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவர் நான்கு மணி நேரமும் தூங்கினார். திரும்பி வரும்போது வேனில் சத்தமாக ஞானப்பாட்டு பாடினார். அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அம்மாவுக்கு மட்டும், தான் அழுது சண்டை போட்டதுதான் வேலை செய்தது என்று நம்பிக்கை.

பக்கத்து நாற்காலி சீன அங்கிள் அடுத்த வாரமே மாமாவைப் பிடித்துக்கொண்டார். பாசாரில், அதாவது சந்தையில், பல காலம் மீ நூடுல்ஸ் கடை போட்டிருந்தவர். இடி மாதிரி சிரிப்பார். பெரியம்மாவை மலாய் வழக்கப்படி 'சிக்கு' என்று, அதாவது டீச்சர் என்று, கூப்பிடுவார். சிக்குவுக்கு மான் என்றால் தனக்குப் புலி வேண்டும் என்றார். புலி போட்ட ஸ்வெட்டர் எங்களிடம் இல்லை. மாமா ஒரு சிவப்பு ஸ்வெட்டரில் மஞ்சளும் கறுப்புமாகத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தார். பூனைபோல்தான் வந்தது. அங்கிள் அதைப் போட்டுக்கொண்டு எல்லா நாற்காலிகளுக்கும் காட்டினார். பிறகு ஒரு மலாய் அம்மையார் தன் முக்காட்டுக்குப் பொருத்தமான நீலத்தில் கேட்டார். இப்படியே அந்த அறை முழுவதும் பரவிவிட்டது.

யாரைப் பார்த்தாலும் எந்தக் கை என்று கேட்பது என் வேலை. பெரும்பாலும் இடது கைதான். அதனால் எங்கள் வீட்டில் இடது கைகள் மலைபோல் குவிந்தன. அவற்றில் காலுறை, சுடுதண்ணீர்ப் பைக்கு உறை, தொப்பி எல்லாம் வந்தது. அப்படியும் மிஞ்சியவை யானைகளாயின. வலது கையில் ஊசி போடுகிற ஒரே ஆள் மீ கடை அங்கிள். அவரால் மட்டும் இரண்டு வலது கைகள் மிஞ்சின. அவற்றை நான் பொக்கிஷம்போல் தனியாக எடுத்து வைத்தேன். யானைகளுக்கு எல்லாம் துதிக்கை ஒரே பக்கம் வளைவதாக எனக்கு ஒரு குறை இருந்தது.

மாமா இந்த ஸ்வெட்டர்களுக்கு விலையாக என்ன வாங்கினார், எதை வாங்க மறுத்தார் என்று எனக்குத் தெரியாது. வேனில் எப்போதும் பிஸ்கட் டின்னும் மாங்காயும் டூரியான் பழமும் இருந்தன என்பது மட்டும் தெரியும். கிறிஸ்மஸுக்கு அந்த அறையில் எல்லோரும் ஒற்றைக்கை ஸ்வெட்டரில், நாற்காலியில் இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா நடுவில், மான் தலையோடு, பள்ளி ஆண்டுவிழாப் படத்தில் இருப்பது போலவே நிமிர்ந்து இருந்தார். அங்கிள் அவர் தலைக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொம்புபோல் பிடித்திருந்தார்.

பள்ளி திறந்து, சீனப் பெருநாளுக்காகக் கடைகளில் ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்கத் தொடங்கிய சமயம். ஒரு மாலை வீட்டுக் கேட்டுக்கு வெளியே அங்கிளின் மனைவி நின்றிருந்தார். நிலையத்தில் அவரை அடிக்கடி பார்த்திருக்கிறேன். உள்ளே வாங்க ஆன்டி என்றேன். வரவில்லை, அங்கேயே நின்றார். கேட் கம்பிகளின் இடைவெளி வழியே ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே சிவப்பு ஸ்வெட்டர், துவைத்து, புலி மேலே தெரியும்படி மடித்திருந்தது. அவருடைய சட்டைக் கையில் ஒரு சின்னச் சதுரக் கறுப்புத் துணியை ஊக்கால் குத்தியிருந்தார். ஆன்டியும் துணி வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். ஊக்கு போதாது, தைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

பள்ளியில் கற்ற மலாயில், அங்கிளுக்கு இது வேண்டாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் கண்ணு," என்றார் அவரும் மலாயில். "இனிமே அவருக்குக் குளிராது."

அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டார். கம்பிகளின் வழியே ஆன்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் பையோடு பின்னறைக்கு ஓடினேன். மாமா தைத்துக்கொண்டிருந்தார். அங்கிளுக்குச் சரியாகிவிட்டதாம், இனிமேல் குளிராதாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். மாமாவின் கால் மிதியிலிருந்து எழுந்தது. இயந்திரம் நின்றது. அவர் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரிம்மா, நீ போயி வெளையாடு," என்றார்.

சனிக்கிழமை வேனில் பெரியம்மாவிடம் சொன்னேன். பக்கத்து நாற்காலி அங்கிளுக்குக் குணமாகிவிட்டது, இனி அவர் இங்கே வரவே வேண்டாம் என்று. மாமா கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். பெரியம்மா என் பக்கம் திரும்பினார். எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

"அப்படியா," என்றார். "சரி, பெல்ட்டப் போடு."

திரும்பி வரும்போது அவர் பாடவில்லை. வீடு நெருங்கும் நேரத்தில் மாமாவிடம், "அந்த நாற்காலிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. எடது கை. கொஞ்சம் குண்டான ஆளு. அடுத்த வாரம் அளவு எடுத்துக்க," என்றார். மாமா தலையை ஆட்டினார்.

பெரியம்மா அதன்பிறகு எத்தனையோ ஆண்டுகள் அந்த நிலையத்துக்குப் போய் வந்தார். அதற்காக நாங்கள் கடவுளுக்கு நன்றி சொன்னோம். ஆனால் அந்தச் சனிக்கிழமை, வேனின் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, நான் அவருக்காக வருத்தப்பட்டேன். படிப்பு, பாட்டு, கையெழுத்து என்று எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிற பெரியம்மா, தவறாமல் போயும், இதில் மட்டும் ஏன் மீ கடை அங்கிளுக்குப் பின்தங்கிவிட்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை.